இரண்டு மூடிகள்

மோட்டலில் இரவுப் பணி முடித்து
பூட்ஸின் பனியைப் படியில் உதறிவிட்டு
உள்ளே வந்தால்
கூடத்தில் கடலைக் காணோம்.
நான்கடிக் கண்ணாடிக்குள்
யாரோ கஞ்சி வடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

விளக்கைப் போட்டேன்.
வெண்மைக்குள்ளிருந்து ஓர் ஆரஞ்சுக் கோடு வந்து
கண்ணாடியை முட்டிவிட்டு மறைந்தது.
ஆக, ஒரு கோமாளி மீன் உயிரோடு.
மற்றதைத் தேடி
உள்ளங்கைகளைக் கண்ணோரம் குவித்து
அடுத்த வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்ப்பவளைப் போல்
வெகுநேரம் நின்றேன்.

எஸ்டர்ஹேசியிலிருந்து
எந்தப் பக்கம் காரை விட்டாலும்
கடலுக்கு இரண்டு நாளாவது ஆகும்.
என் கணவன் ஓரெஸ்ட் மட்டும்
தினமும் ஒரு கிலோமீட்டர் கீழிறங்கி அங்கே போகிறான்.
மனிதர் வருமுன்பே வற்றிய கடல்
இளஞ்சிவப்புப் பொட்டாஷாய்ப் படுத்திருக்கிறது.
அவன் சட்டைக் கையை நக்கிப் பார்த்திருக்கிறேன்:
உப்பு, கொஞ்சம் தாமதமாய்க் கசப்பு.

அவன் பகல். நான் இரவு.
எட்டு வாரமாய் நெடுஞ்சாலையில் எதிரெதிரே
இரு ஜோடி முகப்பு விளக்குகள்
ஒருமுறை அணைந்து எரிகின்றன.
மிச்சப் பேச்செல்லாம்
குளிர்சாதனப் பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில்:
'பால் தீர்ந்தது.'
'உன் அக்கா கூப்பிட்டாள்.'
'இறால் சட்டை உரித்திருக்கிறது, சாகவில்லை, பயப்படாதே.'

கோட்டைக்கூடக் கழற்றாமல் சோதனையைத் தொடங்கினேன்.
முகர்ந்தேன். அழுகல் வாடை இல்லை.
அம்மோனியாக் குழாய் மஞ்சளாகவே நின்றது; சாவு இல்லை.
நத்தைகளை எண்ணினேன், ஒன்று குறைந்தது.
வடிகுழாயில் சிக்கி
எதுவும் நடக்காததுபோல் பாசி மேய்ந்துகொண்டிருந்தது.
மணல் பழசு. உப்பின் அளவு சரி.
மீன்கடை லோர்னுக்குப் போன் அடித்தேன்.
"ஒரு கோப்பையில் மொண்டு வினிகர் சொட்டிப் பார்" என்றார்,
வாயில் ரொட்டியோடு.
இரண்டு சொட்டு. கோப்பை தெளிந்தது.

சுண்ணாம்பு.
அப்படியென்றால் காரம் ஏறியிருக்க வேண்டும்.
நான்தான் அளந்து ஊற்றுகிறேனே என்று
கடைசிக்கு ஒதுக்கிவைத்த சோதனை அது.
எட்டாவது துளியில் நீலம் மஞ்சளாகும், எப்போதும்.
எட்டு. நீலம்.
பதினொன்று. நீலம்.
பதினாறில் கை நடுங்கியது,
பதினேழில்தான் மனமிரங்கியது.

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
நான் குடித்தாலும் இவ்வளவு குறைந்திருக்காது.

'காரக் கரைசல் ஊற்றுகிறாயா?' என்று எழுதி ஒட்டினேன்.
மறுநாள் காலை அதன் கீழே
அவனுடைய சாய்ந்த எழுத்து:
'தினமும் விடியற்காலையில் ஒரு மூடி.
நீ களைத்து வருவாயே என்று.'

நான் தினமும் சாயங்காலம் ஒரு மூடி.
அவன் களைத்து வருவானே என்று.

லோர்ன் சொன்னது இவ்வளவுதான்:
"எதையும் ஊற்றாதே. தண்ணீரை மாற்றாதே.
கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்."
அதுதான் கஷ்டமாக இருந்தது.
வெளியே கிடைமட்டமாய்ப் பனி வீசியது,
உள்ளே செங்குத்தாய், மெல்ல, மணலில் இறங்கியது.
ஹீட்டரின் மேல் ஒரு வெள்ளைத் தோல்.
பம்பைக் கழற்றி வினிகர் வாளியில் போட்டேன்,
விரலளவு ஓசையில் பொரிந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
அவனும் போகவில்லை, நானும் போகவில்லை.
விடியும்போது
பின்பாறை வரைக்கும் தெரிந்தது.
இரண்டாவது மீன்
ஹீட்டருக்குப் பின்னால், கொஞ்சம் கோபமாய்.
"இளைத்துவிட்டாய்" என்றான் ஓரெஸ்ட்.
மீனிடமா என்னிடமா என்று நான் கேட்கவில்லை.

பிறகு பாட்டிலில் டேப் ஒட்டி எழுதினான்:
ஒற்றைப்படை தேதி, மார்லிஸ்.
இரட்டைப்படை, நான்.
வேலை முடிந்த மனிதனாய்ப் பேனாவை மூடினான்.

மாதம் முப்பத்தொன்றில் முடிந்தால்
அடுத்த நாளும் ஒற்றைதான்.
அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.