பத்தாவது கேள்வி

துவக்கு அனுமதிப் படிவம்.
கச்சேரி வாங்கில் இருந்து நிரப்புகிறேன்.
பத்தாவது கேள்வி:
முன்னர் குற்றவாளியாகக் காணப்பட்டுள்ளீரா?
ஆம். இல்லை. இரண்டு சின்னக் கட்டம்.

கட்டுத்துவக்கின் கம்பியை
எழுதுமட்டுவாள் மரவள்ளிக்குள்
நான்தான் இழுத்துக் கட்டினேன்,
பன்றியின் நெஞ்சுயரம் பார்த்து.
மனுசனின் முழங்காலும் அந்த உயரம்தான் என்று
வழக்கில்தான் விளங்கியது.
நாலரை வருசம்.

ஆம் என்பதற்குப் புள்ளடி போட்டேன்.

சிவலோகன் தந்த கடிதத்தையும் நீட்டினேன்.
"எனக்கு ஆட்சேபனை இல்லை.
அவற்றை தோட்டத்தைப் பன்றி அழிக்குது.
இப்படிக்கு, கால் போனவன்."
கிளாக்கர் வாசித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
இன்னொருக்கால் வாசித்தார்.
"இதை இணைக்கிறதுக்கு இடமில்லை, அண்ணை.
ஆம் எண்டால் ஆம்தான்."

"கெற்றப்போலுக்கும் லைசென்ஸ் வேணுமோ?"
பகிடிக்குத்தான் கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
சட்டப் புத்தகத்தை எடுத்துப்
புரட்டத் தொடங்கினார்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இரவு வரம்பில் குந்தியிருக்கிறேன்.
றப்பர் காதுமட்டும் இழுபட்டு நிற்கிறது.
இலைகளுக்குள் ஏதோ
மண்ணைக் கிளறிக் கிளறி மூச்சுவிடுது.

"ஆரது?"

பன்றி பேர் சொல்லாது,
தெரியும்.
சிவலோகனும் அண்டைக்குப் பேர் சொல்லவில்லை,
நான் அங்கே இல்லை கேட்க,
கம்பிதான் இருந்தது.

"ஆரது?"

விடிய எண்ணிப் பார்த்தேன்.
ரெண்டு வரிசை மரவள்ளி போட்டுது.
கல் கைக்குள்ளேயே கிடக்குது,
வேர்த்துப்போய்.