பதினொன்றாம் எண் முற்றம்

மழை விட்டதும் படிவம் நான்கோடு போனேன்.
திபிலிசியின் பழைய மேட்டில் அந்த முற்றம்.
மரப்படிகள் மூன்று தளத்துக்கும்
முனகிக்கொண்டே ஏறுகின்றன.
கொடியில் யாருடைய போர்வையோ
யாருடைய சட்டையின் மேலோ சொட்டுகிறது.
நடுவில் அந்தக் குழாய்:
ஒரு வார்ப்பிரும்பு முகம், வாயில் தண்ணீர்.
மூக்குத் தேய்ந்துபோனதில்
சிங்கமா நாயா என்று
முற்றம் எப்போதோ இரண்டுபட்டுவிட்டது.

படிவத்தின் கேள்வி எளிது.
நிறுவியவர் யார், எந்தச் சமூகம்.
விடைக்கு ஒரே ஒரு வரி.

எழுதிக்கொள் என்றாள் அர்ஷலூய்ஸ்,
மாவுக்கையைத் தட்டாமலே.
அவள் மாமனார் கும்ரியிலிருந்து
ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த முகமாம்.
போர்வையை விலக்கிப் பார்த்த பரிசோதகர்
அதற்கும் அரை டிக்கெட் கிழித்தாராம்.

மேலிருந்து ஒரு சிரிப்பு.
யாஷார், பாதிக் கன்னத்தில் சவர நுரை.
முகம் யாருடையதாகவும் இருக்கட்டும், தண்ணீர் எங்களுடையது.
கந்தகக் குளிப்பறையில் முதுகு தேய்த்தவர் என் பெரியப்பா.
பாதிரி முதுகு, முல்லா முதுகு, போலீஸ் முதுகு,
வெந்நீரில் எல்லாம் ஒரே சிவப்பு என்பார்.
மண்ணுக்கடியில் எது எந்தப் பக்கம் சாயும் என்று
அவரல்லவா குழாய்க்காரனுக்குக் காட்டியது!

சிட்சினோ இதற்குள் அஷ்தோதுக்கே போன் போட்டுவிட்டாள்.
திரையில் மிகாகோ, வழுக்கை, பின்னால் வெயில்.
காசு எங்கள் ஜெபக்கூடத்து உண்டியலில் இருந்து போனது,
ரசீது இருக்கிறது, ஏதோ ஒரு பெட்டியில்,
அது கிடக்கட்டும், போனை இந்தப் பக்கம் திருப்பு,
என் ஜன்னலில் யார் தக்காளி வைத்திருப்பது?

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
நான் பென்சிலால் எழுதி, அழித்து, எழுதினேன்.

வாசலோரக் கீழறையிலிருந்து ஸாரெ வந்தாள்,
ஒரு காலில் மட்டும் காலணி,
மருத்துவமனை வேலைக்கு நேரமாகியிருந்தது.
யார் கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டீர்கள்.
எங்கம்மா எவ்வளவு நேரம் நின்றாள் என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?
தெருக் கூட்டுகிற யஸீதிக்காரி,
அவள் வாளி கடைசி.
அதனால்தான் நாலு மணிக்கே வந்தாள், இருட்டில்.

மற்றக் காலணியையும் மாட்டிக்கொண்டு போனாள்.
கதவை அறையவில்லை.
அறைந்திருக்கலாம்.

யாஷாரின் நுரை காய்ந்துகொண்டிருந்தது.
போனில் மிகாகோ இருப்பதை மறந்துவிட்டோம்,
அங்கே ஏதோ கடற்பறவை கத்தியது.
பிறகு சிட்சினோ, என்னிடம் அல்ல,
குழாயிடம் சொல்வதுபோல:

வாளியின் அடியில் துணி போட்டு வைப்பாள்,
தண்ணீர் விழும் சத்தம் கேட்கக்கூடாதென்று.
எனக்குக் கேட்கும்.
இருபத்தோரு வருஷம் கேட்டது.
ஒருநாளும் நான் ஜன்னலைத் திறக்கவில்லை.

நிறுவியவர், சமூகம், இரண்டையும் விட்டுவிட்டேன்.
காலம் என்ற இடத்தில்
அதிகாலை நான்கு மணி என்று எழுதினேன்.
மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும்.
நிலை: கசிகிறது.

கிளம்பும்போது தாகமாக இருந்தது.
வாயை வைத்துக் குடிக்கக் குனிந்தேன்.
சறுக்கும் கல்லில்
என் கை தானாகவே போய்
அந்த மூக்கில் ஊன்றியது.