பிறகு வா

போடியில் ஏலக்காய்க் கம்பெனி.
அதன் மெயில் சர்வருக்கு நான்தான் காவல்.
முன்பின் தெரியாத ஐபி வந்து தட்டினால்
நானூற்றைம்பது என்ற எண்ணைக் காட்டி
இப்போது முடியாது, பிறகு வா என்று
திருப்பி அனுப்பும்.
ஐந்தே நிமிடம்தான்.
மோசடிக்காரனுக்கு ஏது அவ்வளவு நேரம்,
அடுத்த கதவுக்கு ஓடிவிடுவான்
என்று நம்பி வைத்த ஏற்பாடு.

மத்தியானம் வண்டன்மேட்டிலிருந்து தங்கச்சன்:
"நாலு பிராவசியம் அயச்சு சாரே,
கிட்டியில்லே?"

லாகைத் திறந்தேன்.
மலையில் மழை, கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது.
வரும்போதெல்லாம் எஸ்டேட்டுக்குப் புது ஐபி.
நாலு முறையும் தங்கச்சன்தான்;
என் சர்வருக்கோ
நாலு அந்நியர்.

அவருக்கு இரண்டு வரி மேலே
ஒரு லாட்டரிப் பரிசு,
சொன்ன சொல் தட்டாமல்
ஆறாவது நிமிடம் திரும்பி வந்து
மரியாதையாக உள்ளே போயிருக்கிறது.

வெள்ளைப் பட்டியலில்
அவர் முகவரியைக் கையாலேயே தட்டினேன்.
இன்னொரு தரம் அனுப்பச் சொன்னேன்.
வந்தது, தப்பும் தவறுமான தமிழில்:

*மூணு சாக்கு நனைஞ்சு போச்சி.
முதல் தரத்தில் சேர்க்க வேண்டாம்.*

சேர்த்தாயிற்று.
காலை ஏலத்திலேயே
நல்ல விலைக்குப் போய்விட்டது.