கூடுதல் நேரம்

குளிரூட்டி பதினெட்டில் நிற்கிறது.
ஜார்ஜ் டவுன், கடலோர விடுதி, மூன்றாம் மாடி.
நான் குறிப்பெடுப்பவள்,
மணிக்கு இருபத்தைந்து வெள்ளி.

ஓஹாயோவிலிருந்து வந்த ஹாஸ்கின்ஸ் சொல்கிறார்:
அமெரிக்கத் தொழிலாளி தனி ரகம்.
சங்கம் வைக்குமுன்னே
வாக்குச்சீட்டு கைக்கு வந்துவிட்டது.
மேற்கே நிலம் இருந்தது, தட்டில் இறைச்சி இருந்தது,
பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் வேற்று மொழிக்காரன்.
செங்கொடி வேர்பிடிக்காததற்கு வேறென்ன காரணம்?

ப்ரெமன் நகரத்து உல்ரிக்கே கண்ணாடியைக் கழற்றுகிறார்:
எதோடு ஒப்பிட்டுத் தனி?
சுரங்க வாசலில் துப்பாக்கி வெடித்த கதை
உங்கள் ஊரில் இல்லையா?
எல்லா நாடும் விலக்கு என்றால்
விதி எங்கேதான் குடியிருக்கிறது?

விதிவிலக்கு. பதினோராவது முறை அடிக்கிறேன்.
விரல் ஆங்கிலத்தில் அடிக்க, மனம் தமிழில் கேட்கிறது:
இந்தச் சொல்லுக்குள் தலையெழுத்தும்
ஓர் ஓரமாய் உட்கார்ந்திருக்கிறதே.

நோராஷிகின் எழுந்து
மொழிக்கொரு வரிசையாய்க் கூலி வாங்கிய
பழைய துறைமுகத்தைச் சொல்லத் தொடங்குகிறார்.
தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

தெற்கே பாயான் லெப்பாஸ்.
அங்கே பதினொரு வருஷம்
ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு
நுண்ணோக்கியில் கண் பதித்து
மயிரிழைத் தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டினேன்.
சேர்ந்த அன்று தந்த கையேட்டில்
பிறந்தநாள் கேக் உண்டு, குலுக்கலில் ஸ்கூட்டர் உண்டு,
சங்கம் என்ற சொல் இல்லை.
கங்காதேவி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள்,
நாற்பத்திரண்டு பேர், மூன்று மொழியில்.
மறுவாரம் அவளுக்கு இரவு ஷிப்டு.
மறுமாதம் அவள் லாக்கரில் வேறு பெயர்.
நாற்பத்து மூன்றாவது நானாக இருந்திருக்கலாம்.
பேனா இல்லை என்றேன்.

ஹாஸ்கின்ஸ் ஐயா,
அமெரிக்கத் தொழிலாளி என்று எழுதும் இடத்தில்
நான் வருவேனா?
அமெரிக்காவை நான் பார்த்ததில்லை.
அது என்னைப் பார்த்தது,
மணிக்கு இத்தனை சில் என்று.

கேட்கவில்லை.
கேட்பது என் வேலையில் சேராது.

விவாதம் முடிவுக்கு வராமலே
நாற்பது நிமிஷம் நீண்டது.
பாரத்தில் அதையும் எழுதிக் கொடுத்தேன்.
ஏற்பாட்டாளர் பையன் நல்லவன், தலையைச் சொறிந்தான்:
"கூடுதல் நேரத்துக்கு விதியில்லை அக்கா.
வேண்டுமானால் உங்களுக்கு மட்டும்
ஒரு விலக்கு..."

சுவரோரம் பிஷ்ணு
ஒலிவாங்கிக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
அவனும் அந்த நாற்பது நிமிஷம் நின்றவன்தான்.
முழுப்பெயர் என்ன என்று கேட்டேன்.
பிறகு பையனிடம்
பேனா கேட்டேன்.