இருபத்தோராம் நாள் பால்

பொரளைச் சந்தியில் பஸ்கள் முட்டிமோதும் இரைச்சல்
மூன்றாம் மாடிவரை ஏறி வருகிறது.
குளிர்பெட்டியின் மேல்தட்டில் வாகரைப் பால்.
குழாய்களில் எண் எழுதச் சொன்னோம்,
புவிராஜசிங்கம் பெயர்தான் எழுதி அனுப்புகிறார்:
கொம்பி, வெள்ளச்சி, பொட்டு,
ஒரு குழாயில் 'இவள் உதைப்பாள்'.

கீழ்த்தட்டில் செந்நீர்.
அதைக் குடித்து வெப்பப்பெட்டிக்குள் வளர்கிறது
ஒரு குதிகாலின் கறுப்பு.
புறக்கோட்டை, ஐந்தாம் குறுக்குத்தெரு,
ஆணி குத்தின தழும்பென்று
சீனி மூட்டைகளோடு இரண்டு வருடம் நடந்த கால்.
வெயிலே படாத இடத்தில் ஏன் வருகிறது
என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் வேலை மஞ்சள் பார்ப்பது.
பால் தட்டின் குழியில் மஞ்சள் அடர்ந்தால்
புரோஜெஸ்தரோன் இல்லை, வயிறு வெறுமை.
வெளிறினால் சினை.
செந்நீர் மஞ்சளானாலோ
உள்ளிருப்பவை தின்று பெருத்துவிட்டன.
ஒரே மேசை.
ஒரு மஞ்சளுக்கு உச்சுக் கொட்டுவேன்,
மற்றதற்கு நிலந்தி கைதட்டுவாள்.
பழகிவிட்டது.

வியாழக்கிழமை, கரண்ட் போய் வந்த பிறகு,
சன்னாசி வந்தார்.
ஒரு காலில் புதுச் செருப்பு, மற்றதில் கட்டு.
"என் கால்ல எடுத்தது இன்னும் உசிரோட இருக்காமே.
பாக்கலாங்களா?"
விதி இடங்கொடாது.
நிலந்தி கதவைச் சாத்திவிட்டு
முக்காலியை இழுத்துப் போட்டாள்.

இரண்டு கண்ணும் வைக்கலாம் என்று சொல்வதற்குள்
ஒன்றை விரலால் பொத்திக்கொண்டார்.
"இத்தனூண்டா.
எம்பது கிலோ தூக்குனவன இதுதான் சாச்சுதா."
கொஞ்சம் கழித்து,
"இதுக்குச் சாப்பாடு?"

பத்துச் சதவீதம் கன்றின் சீரம்.
பிறக்காத கன்று.
எங்கோ தூர தேசத்தில், அறுபட்ட பசுவின் வயிற்றிலிருந்து
போத்தலில் கப்பலேறி வருவது.
விலை என் இரண்டு மாதச் சம்பளம்.
"சத்துத் தண்ணி" என்றேன்.

தட்டு வாசிக்கும் இயந்திரம் கீச்சிட்டது.
கொம்பியின் குழி வெளிறிக் கிடந்தது,
பலமுறை தோய்த்த சட்டைபோல.
வாகரைக்கு அழைத்தேன்:
"கொம்பி சினை பிடிச்சிட்டுது."
புவிராஜசிங்கம் யாருக்கோ கத்திச் சொல்ல
ஒருத்தி சிரித்தாள், பின்னால் காற்று.
'இவள் உதைப்பாள்' வெறுமை.
அதைக் குரல் தாழ்த்திச் சொன்னேன்.

"எந்த மாடுங்க? பெரிய கொம்பா?"
சன்னாசி கேட்டார்.
தெரியாது.
நாலு வருடமாய்ப் பாலை எண்ணாக்குகிறேன்,
ஒன்றின் வாலைக்கூடக் கண்டதில்லை.
இவருடைய குதிகாலையும் அப்படித்தான்,
இன்றுவரை.

படியில் கட்டுப்போட்ட காலை முதலில் வைத்து,
ஆஸ்பத்திரியில் பழக்கியபடி,
இறங்கிப் போனார்.

திரும்பி வந்து
காலையில் எடுத்துவைத்த சீரம் உருகிவிட்டதா என்று
போத்தலை வெளிச்சத்தில் பிடித்தேன்.
அதுவும் மஞ்சள்தான்.
இத்தனை நாளும் அதை
எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.