தரம் ஆறு

பகாவில், டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே ஆ செங் லோரிச் சக்கரத்தைக் கழற்றும்போது
என் மேசையில் தண்ணீர்ப் போத்தல் நடுங்கும்.

நாற்பத்தொரு மெகாபைட்.
ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைக்கு
இவ்வளவு கனத்த செயலி.
லைன் அறுந்தாலும் ஓட வேண்டுமென்று
இருக்கிற எல்லாவற்றையும் முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும்.
சிக்னல் ஒற்றைக் கோடாய் நிற்கிற இடம் அது.
லோரி தராசில் ஏறி இறங்கிப் போன பிறகும்
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

பில்ட் முடிந்ததும் டிஸ்ட் பெட்டியைத் திறந்தேன்.
எனக்கு முன்னால் வேலை பார்த்தவன்
பப்ளிக்கில் போட்டதெல்லாம்
கேள்வி கேட்பாரில்லாமல் வந்து கிடந்தது:
லோகோ, புது லோகோ, கடைசி லோகோ,
கடைசி லோகோ இரண்டு,
எந்த வருடத்துத் தீபாவளி வாழ்த்தோ ஒன்று,
யாருடைய கட்டைவிரலோ பாதி மறைத்த செம்மண் சாலை,
தராசின்மேல் படுத்துத் தூங்கும் ஒரு செவலை நாய்.
நாய் மட்டும் நான்கு மெகாபைட்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் முப்பது வரி எழுதினேன்.
ஒவ்வொரு படத்தின் பெயரையும் எடுத்துக்கொண்டு
நிரலின் வரிவரியாய்ப் போய்த் தேடும்.
எங்கும் அந்தப் பெயர் இல்லையா,
வேண்டாத படம்.
இருநூற்றுப் பன்னிரண்டு வந்தன.
ஒரு தே ஓ ஆறுகிற நேரம் யோசித்தேன்.
அழித்தேன்.
ஆறு மெகாபைட்!
அன்றிரவு மீ கோரேங்கில் இரண்டு முட்டை போடச் சொன்னேன்.

வியாழன், காலை ஏழேகால்.
எடைமேடைக் கிராணி சுலோசனி:
"அக்கா, அழுகின கொலைக்குப் படம் வர்ல.
சாம்பல் கட்டம்தான் வருது.
பழுத்ததுன்னு தெய்வேந்திரன் கத்துறாரு,
அழுகினதுன்னு நான் சொல்றேன்,
காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல.
பின்னால ஏழு லோரி."

ஒரே ஒரு வரி அது.
தரம் என்ற சொல்லோடு
அவள் அழுத்தும் எண்ணை அந்த நொடியில் ஒட்டிப்
படத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
முதல் ஐந்துக்கும் உதவிப் பக்கத்தில் பெயர் இருந்தது, தப்பின.
ஆறாவது பின்னால் சேர்ந்தது.
அதன் பெயர் பாதி நிரலில் இருந்தது,
பாதி சுலோசனியின் விரலில்.

மீட்டெடுக்க நான்கு நிமிடம்.
கருத்து உதிர்ந்த குலை திரையில் வந்ததும்
தெய்வேந்திரனின் குரல் இறங்கியது, எனக்கே கேட்டது.
ஆறு பெயரையும் ஒரு பட்டியலில்
முழுசு முழுசாய் எழுதி வைத்தேன்,
இனி எந்தத் தேடலும் தவறவிடாதபடி.

"இன்னொண்ணு அக்கா," என்றாள்.
"நாய் எங்க?"

எந்த வரியும் அதைக் கூப்பிடவில்லையே என்றேன்.
"நான் கூப்பிடுவேன்.
என் சொந்த போன்ல அட்ரஸ் வச்சிருக்கேன்.
காலையில மொத லோரிக்கு முன்னால தொறப்பேன்.
வால் வரைக்கும் வந்துட்டா லைன் இருக்கு, கேட்டைத் தொறப்போம்.
காதோட நின்னுட்டா
அன்னைக்குப் பேப்பர், பேனா."

நாய் இன்னும் அங்கேதான் படுக்கிறதாம்.
தராசுதான் புதிது.

படத்தைத் திரும்பப் போட்டேன்,
முன்கூட்டியே இறக்கும் வரிசையில் சேராமல்.
சுருக்கவும் இல்லை. நான்கு மெகாபைட் இருந்தால்தான் சோதனை.
பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்,
எனக்குப் பிறகு முப்பது வரியோடு வரப்போகிறவனுக்கு:
நாய். அழிக்காதே.
சந்தேகமிருந்தால் எடைமேடைக்குப் போன் செய்,
ஏழு மணிக்கு முன்னால்.