காக்கைதீவில் அரைநாள்

சனிக்கிழமை. பன்னிரண்டரைக்குக் கம்பியூட்டரை நிறுத்தினோம்.
'வீட்டுக்குப் போனா உடுப்புத் தோய்க்கத்தான் கிடக்கு,
வா' என்றாள் ஸிஃபானா.
மட்டக்குளி பஸ்ஸில் கடைசித் தரிப்பு மட்டும்
நின்றபடியே போனோம்,
இரண்டு சோற்றுப் பார்சலும் ஒரு குடையுமாக.

எட்டு வருடமாகக் கப்பல்களை எனக்குத் தெரியும்.
நீளம், ஆழம், கொடி,
எத்தனை பெட்டி, எதற்குள் குளிர், எதற்குள் ஆபத்து.
ஒன்றையும் நின்று பார்த்ததில்லை.
எங்கள் கந்தோரில் கடல் தெரியும் ஜன்னல்
மனேஜரின் அறையில் இருக்கிறது.

சீமெந்து வாங்கு சுட்டது.
கடல் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.
தொடுவானில் ஏழு கப்பல்கள்,
மினுக்கிய சேலைக் கரையில் எறும்பு ஏறினாற்போல.
இடமிருந்து மூன்றாவது
காலையில் நான் பெயர் தட்டியதாக இருக்கலாம்.
'கையைக் காட்டேன்.'
காட்டினேன். வெட்கமாக இருந்தது,
இரண்டாம் தரம் காட்டும்வரை.

களனி கங்கை வந்து விழுகிற இடத்தில்
தண்ணீருக்கு இரண்டு நிறம்.
இந்தப் பக்கம் வெறும் தேத்தண்ணி,
அந்தப் பக்கம் பச்சைப் போத்தல்.
இரண்டும் முட்டுகிற கோட்டின்மேல்
ஆலாக்கள் விழுந்து விழுந்து எழும்பின,
பிரிந்த தையலை யாரோ
அவசரமாக மூட்டுவது போல.
காகங்கள் மட்டும்
காணி உறுதி கையில் இருப்பவர்களாக
நடந்து திரிந்தன.

பிறகு, கண்டல் வேர்களுக்குள்ளிருந்து
கபரகொய்யா வந்தது.
சப்பாத்துப் போட்டு ஓடிய ஆள் நின்றார்.
சைக்கிள் பழகிய பிள்ளை ஒரு காலை ஊன்றினாள்.
காவலாளி சுமனவீர தொப்பியைக் கழற்றி
'மாத்தயாவுக்கு வழி விடுங்கோ' என்றார்
எங்கள் தமிழில், தன்னுடைய ராகத்தில்.
வயிறு புல்லில் இழுபட,
வால் தன்பாட்டில் வேறொரு பாதையை யோசிக்க,
ஒரு கால், பிறகு ஒரு கால்.
நாக்கை நீட்டிக் காற்றை வாசித்தது.
அதற்கு விலாசம் கிடைத்துவிட்டது.

ஸிஃபானா பார்சலைப் போட்டுவிட்டு
வாங்கின்மேல் ஏறினாள். நானும்.
தாள் கிழிகிற சத்தம் கேட்டது.
சூரைத் துண்டை அண்ணாந்து விழுங்கிவிட்டு
பூசணிக்காய்க் கறியைத் தொடாமல்
வந்த வழியே திரும்பியது.
'என்ட தங்கச்சியேதான்!'
அவள் சிரித்த சிரிப்பில் வாங்கு ஆடியது.
கந்தோரில் அவள் அப்படிச் சிரித்து
நான் கேட்டதில்லை.

மிச்சமிருந்த பார்சலை ஆளுக்குப் பாதியாகத் தின்று
கை கழுவ இறங்கினோம்.
ஈரமணலில் கால்விரலிடுக்கில்
வெள்ளையாய் ஒரு மணி.
மீன் முட்டை என்றுதான் குனிந்தேன்.
நசுக்கிப் பார்த்தேன். நசுங்கவில்லை.

அந்தக் கப்பல் எரிந்து எத்தனை வருடம்!

இதற்கு எங்கள் படிவத்தில் ஒரு பெட்டி உண்டு:
பொதி, எடை, தொன் கணக்கு.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுத
இடம் விட்டிருக்க மாட்டார்கள்.
பக்கத்தில் ஒரு சின்ன நண்டு
மணலைச் சப்பிச் சப்பி
உருண்டை உருண்டையாய் வைத்துக்கொண்டிருந்தது.
ஏறக்குறைய அதே அளவு.
நான் எடுக்கப் போனவற்றில் பாதி
அதன் மத்தியானச் சாப்பாட்டு மிச்சம்,
தொட்டதும் உதிர்ந்தது.
உதிராதது எங்களுடையது.

பொறுக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.
ஸிஃபானா கிழிந்த பார்சல் தாளை விரித்தாள்.
நாற்பத்தொன்றில் அலை வந்து
கணக்கைக் குழப்பியது.
'நாப்பத்தொண்டா? நாப்பத்திரண்டா?'
'திரும்ப எண்ணு.'
நிமிர்ந்தபோது தொடுவானில் ஆறு கப்பல்தான்.
எது உள்ளே போனதென்று
திங்கட்கிழமை எனக்குத் தெரிந்துவிடும்.
குடையை வாங்கிலேயே விட்டுவிட்டோம் என்பது
பஸ் முகத்துவாரம் தாண்டிய பிறகுதான்
ஞாபகம் வந்தது.